எந்த வண்டிக்கும் இல்ல

எங்கள் செங்கல்பட்டில் நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி காலை வேளையில் தெருவில் ஓடினால், ஒன்று எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்பப் போகிறது, இல்லையென்றால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. மூன்றாவதாக ஒரு காரணம் யாருக்கும் தோன்றாது. நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்கும் தோன்றவில்லை. அதனால்தான் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு டாக்டரிடமே பொய் சொன்னேன். அந்தப் பொய் என்னைக் கொண்டுபோயிருக்கும். இப்போது உடம்பு தேறிப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். வெட்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். வருஷா வருஷம் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் இதயத்தை வரைந்து, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களுக்குப் பெயர் எழுதிப்போடுகிறவள். அந்தப் படம் என் மார்புக்குள்ளேயே கோளாறு செய்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இதைச் சொல்லி என் மாணவர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஓடும் ஆசை வந்ததே ஒரு தற்செயல். விடைத்தாள் திருத்தத் தாம்பரம் போகவேண்டியிருந்த ஒரு காலையில், வீட்டில் கிளம்ப நேரமாகிவிட்டது. ஏரிக்கரைச் சாலையிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் கைப்பை இடுப்பில் இடிக்க இடிக்க ஓடினேன். பள்ளியில் படித்த காலத்தில்கூட நான் ஓடியதில்லை. விளையாட்டு பீரியடில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவள். அன்றைக்கு ஓடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பால்காரர் சைக்கிளை ஒதுக்கி வழிவிட்டார். டீக்கடையில் நின்றவர், "ஓடுங்க, ஓடுங்க, இன்னும் எடுக்கல!" என்று கத்தினார். வண்டி கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு தடவை ஓடவேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

ஆனால் காரணமில்லாமல் எப்படி ஓடுவது? ஏரிக்கரையில் பெண்கள் மூன்று மூன்று பேராக நடக்கிறார்கள். நடந்தால் சுகருக்கு நடக்கிறாள் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். ஓடினால்? என்னிடம் படித்த பிள்ளைகள் மருந்துக்கடையில் இருக்கிறார்கள், கலெக்டர் ஆபீஸில் இருக்கிறார்கள், மாவு மில்லில் இருக்கிறார்கள். எனக்கோ சின்ன உடம்பு இல்லை. ஓடினால் எது எது குலுங்கும் என்று எனக்கே தெரியும். மிஸ்ஸுக்கு இந்த வயதில் என்ன வந்தது என்று ஒரு வாய் கேட்டால் போதும், நான் வகுப்பில் நிமிர்ந்து நிற்க முடியாது.

அதனால் ஒரு வேலை செய்தேன். பழைய கைப்பையில் ஒரு துண்டையும் நான்கைந்து செய்தித்தாளையும் அடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். காலை வண்டி கிளம்புகிற நேரம் பார்த்து வீட்டை விட்டு இறங்கி, பதறிப்போன முகத்தோடு ஸ்டேஷனை நோக்கி ஓடினேன். போய்ச் சேரும்போது வண்டி போயிருக்கும். அப்படிக் கணக்குப் பண்ணித்தான் கிளம்புவேன். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவேன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் என் கணவர் மாணிக்கம் அதற்குள் எழுந்திருக்கமாட்டார். ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டது. தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஏழுமலைதான் ரொம்பவும் வருத்தப்பட்டான்.

"இன்னா மேடம், இன்னிக்கும் வண்டி பூட்ச்சா? ஒரு அஞ்சு நிமிசம் முன்னாடி கெளம்பக் கூடாதா?"

"நாளைக்குப் பாக்கறேன் ஏழுமலை" என்பேன்.

நான்காவது வாரம் அந்த வலி ஆரம்பித்தது. ஓடத் தொடங்கிச் சரியாக மூன்றாவது நிமிஷம், முகவாய்க்கட்டையில் பல்வலி மாதிரி ஓர் அழுத்தம் வரும். பிறகு இடது தோளுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அமுக்குவது போல இருக்கும். நின்றால் போய்விடும். வெறும் வயிற்றில் ஓடுகிறோம், கேஸ் என்று முடிவு பண்ணினேன். நம் வீடுகளில் கழுத்துக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது வலித்தாலும் அதற்குப் பெயர் கேஸ்தான். சீரகத் தண்ணீர் குடித்தேன். யாரிடம் சொல்வது? சொன்னால் ஓடுவதையும் சொல்லவேண்டுமே. இரண்டு வாரம் வலியோடு ஓடினேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஏழுமலை ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தினான். "ஏறுங்க மேடம். டப்பு வாணாம். டெய்லி நீங்க வண்டிய வுடறது என்னால பாக்க முடியல. இன்னிக்கி புட்ச்சே தீரணும்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏறினேன். ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டதோடு விடாமல் அவனும் கூடவே ஓடி வந்தான். மேம்பாலப் படிகளில் அவன் முன்னால், நான் பின்னால். பாதிப் படியில் வலி வந்தது. நிற்க முடியவில்லை, அவன் திரும்பித் திரும்பிப் பார்த்து, "வுடாதீங்க மேடம், வந்துட்டோம்!" என்று கத்திக்கொண்டே போனான். கீழே வண்டி நின்றது. லேடீஸ் பெட்டியின் வாசலில் நின்ற இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டார்கள். வண்டி கிளம்பியது. பிளாட்பாரத்தில் ஏழுமலை ஜெயித்தவனைப் போலக் கையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

என்னிடம் டிக்கெட் இல்லை. பால் வாங்கக் கொண்டுவந்த சில்லறையைத் தவிரப் பணமில்லை. போன் இல்லை. பைக்குள் துண்டும் செய்தித்தாளும்தான். உட்கார்ந்தால் போய்விடும் வலி அன்றைக்குப் போகவில்லை. பரனூர் தாண்டியது, போகவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியது, போகவில்லை. வேர்வை காதோரமாக வழிந்தது. செத்துப்போய்விடுவேனோ என்ற பயம் ஒரு பக்கம். செக்கிங் வந்தால் டிக்கெட் இல்லாத டீச்சர் என்று மானம் போகுமே என்ற பயம் இன்னொரு பக்கம். இதில் இரண்டாவதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது. என் புத்தியை என்ன சொல்ல.

எதிரே மல்லிகைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போய்க்கீது?"

"கேஸ்தாங்க."

"கேஸுக்கு எங்கனா இப்டி வேக்குமா? எங்க எறங்கணும் நீ?"

ஊரப்பாக்கம் என்றேன். வேறு எந்த ஊரும் வாயில் வரவில்லை. என் கணவரின் அக்கா சரோஜா ஊரப்பாக்கத்தில் இருக்கிறார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அந்த அம்மா தன் போனில் என் கணவருக்கும், அவரிடம் நம்பர் வாங்கி அண்ணிக்கும் பேசினார். தாம்பரத்தில் விற்கவேண்டிய பூவை வைத்துக்கொண்டு என்னோடு ஊரப்பாக்கத்தில் இறங்கினார். அண்ணி வரும்வரை பிளாட்பாரத்தில் என் முதுகைத் தடவிவிட்டபடி உட்கார்ந்திருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. போய்ச் சேரும்போது வலி குறைந்திருந்தது. இ.சி.ஜி. எடுத்தார்கள், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை காயப்பட்டால் அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசியும். அதன் பெயர் ட்ரோபோனின். அது இருக்கிறதா என்று உடனே ஒரு தடவையும், சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவையும் பார்ப்பார்கள். முதல் தடவை இல்லை. டியூட்டி டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டாள்.

"வலி வந்தப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ட்ரெயின் பிடிக்க ஓடினேன்."

"இதுக்கு முன்னாடி ஓடும்போதோ, படி ஏறும்போதோ இந்த மாதிரி வந்திருக்கா?"

அண்ணி பக்கத்திலேயே நின்றிருந்தார். "நான் எங்க டாக்டர் ஓடப்போறேன். இல்ல" என்றேன். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டாள், நான்தான் மறைத்தேன்.

என் கணவர் வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதற்குள் அண்ணி என் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டிருந்தார். விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல், போனையும் வைத்துவிட்டு, பையில் துண்டு எடுத்துக்கொண்டு, நாத்தனார் வீட்டுக்கு ரயிலேறியிருக்கிறாள் ஒரு பெண். அதற்கு என்ன அர்த்தம்? அண்ணி தம்பியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கதவு சாத்தவில்லை, எல்லாம் கேட்டது.

"டேய், அவள இன்னாடா சொன்னே? வூட்ட வுட்டுக் கெளம்பற அளவுக்கு இன்னா நடந்துச்சி?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"ஒண்ணும் சொல்லாமயா துண்டோட வந்துகீறா?"

ஒரு மணி நேரம் கழித்து அவர் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். குனிந்தபடியே கேட்டார். "கலா, ஞாயித்துக்கெழம இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னனே, அதுக்கா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவர், ஓர் இட்லிக்காக நான் வீட்டை விட்டுப் போனதாக நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். சொல்லவில்லை. அன்று முழுவதும் என் கணவர் எனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருந்தார். நார் ஒன்றுகூட இல்லாமல், ஒவ்வொரு சுளையாக எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் பெரிய டாக்டர் பார்த்த பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. வகுப்பில் நான் நடத்துகிற பாடம் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. உழைக்கும்போது இதயத்துக்கு அதிக ரத்தம் வேண்டும். குழாய் குறுகியிருந்தால் அது வந்துசேராது. அப்போது வலிக்கும். நின்றால் தேவை குறையும், வலி போய்விடும். மூன்றாவது நிமிஷம். நின்றால் போய்விடும். இதைத்தானே வருஷா வருஷம் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கொடுக்கிறேன்.

காலையில் பெரிய டாக்டர் வந்தார். கூடவே டியூட்டி டாக்டர், இரண்டு நர்ஸ், அண்ணி, என் கணவர். ஃபைலைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் முன்னால் வந்தார். "ஆமா டாக்டர். என்னாலதான். நான் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. இனிமே அவள ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

அவர் அப்படிக் கைகட்டி நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார். அவர் எழுதிவிட்டால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன், நாளைக்கு மறுபடி ஓடுவேன், மூன்றாவது நிமிஷம் வரும்.

"டாக்டர், நான் வண்டிக்கு ஓடல" என்றேன். "நான் ஓடப் பழகறேன். தினமும். ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. யாராவது பாத்தா சிரிப்பாங்கன்னு பையை மாட்டிக்கிட்டு வண்டிக்கு ஓடற மாதிரி ஓடினேன். ரெண்டு வாரமா ஓடும்போதெல்லாம் இந்த வலி வருது."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனாவது நிமிஷத்துல வரும்?"

"மூணாவது."

"நின்னா?"

"போயிடும். நேத்து மட்டும் போகல."

"இதை நீங்க சொல்லலன்னா நான் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது.

அன்று மதியமே ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, மருந்து விட்டுப் படம் எடுப்பார்கள். மயக்கம் கொடுப்பதில்லை; திரையில் நாமும் பார்க்கலாம். இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் பெரிய குழாயை நான் சிவப்புச் சாக்பீஸால் தடித்த கோடாகப் போடுவேன். என் திரையில் அது ஓரிடத்தில் நூலாகிவிட்டிருந்தது. முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு. அங்கேயே பலூனை வைத்து விரித்து, ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயைப் பொருத்தினார்கள். நூல் மறுபடி கோடானது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். வலிக்குதா மேடம் என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

வெளியே வந்தபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப இட்லி இல்லியா?"

"இட்லியும் கல்லுதான்" என்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொன்னார்கள். மொட்டை மாடியிலேயே நடந்தேன். இரண்டு மாதம் கழித்து ட்ரெட்மில் டெஸ்ட்; மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஓடும் பட்டையின் மேல் ஓடவேண்டும். முடிவைப் பார்த்த டாக்டர், மெதுவாக ஓடலாம் என்றார். இப்போதுதான் உண்மையான பயம் பிடித்துக்கொண்டது. முன்பு வெட்கம் மட்டும்தான் இருந்தது. இப்போது தெருவில் விழுந்துவிடுவேனோ, என்னைச் சுற்றிக் கூட்டம் கூடுமோ, எல்லோர் முன்னாலும் வாயைப் பிளந்து கிடப்பேனோ என்று மூன்று நாள் ஷூவை எடுத்து எடுத்து வைத்தேன்.

என் கணவர்தான் வழி சொன்னார். "மகாபலிபுரம் போலாம். அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போனோம். ஊருக்கு வெளியே, மீனவர் குப்பத்தை ஒட்டிய கடலோரச் சாலை. நான் ஓட, எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் ஸ்கூட்டரில் பத்தடி பின்னாலேயே வந்தார். இரண்டு நிமிஷம் போயிருக்கும். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து ஸ்கூட்டரின் குறுக்கே வந்து நின்றார்.

"யோவ், நில்லு! அந்தம்மா பயந்து ஓடுது, நீ பின்னாலயே போய்கினு கீறே?"

"என் சம்சாரம்ப்பா அது!"

"மாட்னா எல்லாம் இத்தத்தான் சொல்லுவானுங்க. சாவியக் குடு."

நான் திரும்பி ஓடிவந்தேன். "ஐயோ, விடுங்க, அவர் எங்க வீட்டுக்காரர்தான். எனக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. ஓடப் பழகறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பழகற மூஞ்சியாம்மா இது? யாரோ தொரத்தற மூஞ்சியாக்கீது" என்றார். பிறகு என் கணவரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "கோச்சிக்காத அண்ணாத்த" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பையில்லாமல் ஓடியும் நான் பழைய முகத்தைத்தான் மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். யாருக்கும் தெரியாத ஊரிலும் அது கழலவில்லை. திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும், "நாளைக்கு நம்ம ரோட்லயே ஓடறேன். நீங்க வராதீங்க" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாய் திறக்கமாட்டேன் என்று டாக்டரிடம் சொன்னவர் ஆயிற்றே.

மறுநாள் காலையில் கையில் பையில்லாமல் இறங்கினேன். சுடிதார் பாக்கெட்டில் போனும், வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கவேண்டிய மாத்திரையும் இருந்தன. கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆடின. ஒரு நிமிஷம். மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவன் என்னிடம் படித்தவன், பார்த்தான். பார்க்கட்டும். இரண்டு நிமிஷம். முகவாய்க்கட்டையில் ஏதாவது தெரிகிறதா என்று நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்தேன். மூன்றாவது நிமிஷம் நெருங்கும்போது தெருமுனை வந்தது. ஸ்டாண்டில் ஏழுமலை. அவனைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்டேஷன் பக்கம் ஹார்ன் கேட்டதும் ஆட்டோவை விட்டுக் குதித்தான்.

"மேடம்! வண்டி எடுத்துட்டான்! ஏறுங்க, ஏறுங்க!"

கால்கள் தாமாகவே வேகமெடுக்கப் பார்த்தன. விடவில்லை. என் வேகத்திலேயே அவனைக் கடந்தேன்.

"எந்த வண்டிக்கும் இல்ல ஏழுமலை" என்றேன். "சும்மா ஓடறேன்."

"சும்மாவா?" அவன் நடுரோட்டில் நின்றுவிட்டான். "அப்ப இத்தினி நாளு?"

"அப்பவும் சும்மாதான்!"

பின்னால் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் வண்டி போய்க்கொண்டிருந்தது, ஜன்னல்கள் எல்லாம் தெரிந்தன. அது முழுதாகப் போய் முடிந்த பிறகுதான் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தேன். ஐந்தாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.